ஆசாத் மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம்: ஹெட்லி வெரிட்டியைப் பற்றிப் பேசலாம்

ஈரக்களம் (மாட்டுங்கா):

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசாத் மைதானத்தில் சிறுவர்களுக்குச் சுழற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கூடாரத்தில் ஒதுங்கி நின்றோம். தெற்கே பாம்பே ஜிம்கானாவின் கூரை மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. "இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் நடந்தது அங்கேதான், 1933 டிசம்பரில். லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் எடுத்தார்" என்றேன். எப்போதும் என் பக்கத்திலேயே நிற்கும் இடது கைப் பையன் ஒருவன், "நம்மைப் போல் இடது கையால் வீசுகிறவர் யாராவது அதில் ஆடினாரா, சார்?" என்று கேட்டான்.

ஆடினார். இங்கிலாந்து அணிக்காக, ஹெட்லி வெரிட்டி. அந்தப் பெயரைச் சொன்னதும் ஏனோ எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

1905ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹெடிங்லே மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு நிலக்கரி வியாபாரம். முதலில் மிதவேகமாக வீசிக்கொண்டிருந்தார். சிறிய லீக் ஆட்டங்களில் கூலிக்கு ஆடினார். வார்விக்‌ஷயர் அணி அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பியது. வேகத்தைக் குறைத்துச் சுழற்பந்துக்கு மாறி யார்க்‌ஷயர் அணிக்குள் நுழைந்தபோது வயது 25. மறு ஆண்டு, தமது 26ஆம் பிறந்த நாளில், அதே வார்விக்‌ஷயருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார்.

அதற்கடுத்த ஆண்டு நடந்ததுதான் இன்றுவரை யாரும் தொடாத சாதனை. 1932 ஜூலை 12, நாட்டிங்காம்‌ஷயருக்கு எதிராக 19.4 ஓவர், 16 மெய்டன் (ஓட்டமே கொடுக்காத ஓவர்), 10 ஓட்டம், 10 விக்கெட். அதில் ஒரு ஹாட்ரிக், அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று விக்கெட். உணவு இடைவேளையில் எதிரணி விக்கெட் இழப்பின்றி 38. முடிவில் 67க்கு எல்லோரும் அவுட்.

காங்கா லீக்கில் பதினாறு பருவம் ஆடியவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 1948லிருந்து இந்த நகரம் மழைக்காலத்தில், மூடாத ஆடுகளத்தில் அந்தப் போட்டியை நடத்தி வருகிறது. அதில் வீசியவர்களுக்குத்தான் வெரிட்டியின் அருமை தெரியும். முழுக்க நனைந்த களத்தில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். மட்டை பிடிப்பவருக்கு அது பெரிய தொல்லையே அல்ல. மழை நின்று, மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் ஈரம் நிற்கும் நேரம் ஒன்று வரும். அப்போது பந்து விழுந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மண் வில்லையாகப் பெயரும். ஒரு பந்து கணுக்காலுக்குப் போகும், அடுத்தது அதே இடத்தில் விழுந்து விலாவுக்கு எகிறும். களம் நமக்கு உதவுகிறது என்று தெரிந்தவுடன் கை பரபரக்கும். கூடுதலாகத் திருப்பத் தோன்றும், வேகமாக வீசத் தோன்றும். அங்கேதான் நாங்கள் எல்லோரும் கெட்டோம். வெரிட்டி கெடவில்லை. பத்து விக்கெட் எடுத்த நாளில் பதினாறு மெய்டன் என்றால், அந்த மனிதர் கடைசிவரை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தார் என்று பொருள்.

40 டெஸ்டுகளில் 144 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 1,956 விக்கெட், சராசரி 14.90. 1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த நாள். ஹோவ் நகரில் சஸெக்ஸ் அணி 33 ஓட்டங்களுக்குச் சுருண்டது. வெரிட்டி 6 ஓவரில் 9 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அதுதான் அவர் முதல்தர ஆட்டத்தில் வீசிய கடைசிப் பந்துகள். 1943 ஜூலையில் சிசிலியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 38.

தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (முலுண்ட்):

நல்ல இழை, ஐயா. ஒன்றை விட்டுவிட்டீர்கள், தமிழ்நாட்டுக்காரர் விடலாமா? அதே பயணத்தில் 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட். வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டத்துக்கு 7, இரண்டாவதில் 104க்கு 4. ஆக 11 விக்கெட். நம் பக்கத்தில் அமர் சிங் 86க்கு 7 எடுத்தும் தோற்றோம். சேப்பாக்கம் சுழலுக்குப் பேர்போனது என்று இன்று பேசுகிறோமே, அங்கே டெஸ்டில் முதலில் அறுவடை செய்த சுழற்பந்துக்காரர் இவர்தான்.

ஈரக்களம் (மாட்டுங்கா):

கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், பிள்ளைவாள். என் தாத்தா திருவல்லிக்கேணிக்காரர். அந்த ஆட்டத்தை ஒரு நாள் பார்த்ததாகச் சொல்லுவார். ஓட்டமும் விக்கெட்டும் அவருக்கு நினைவில்லை. "ஒருத்தன் கோவில் மணி அடிக்கிறவன் மாதிரி வந்து வந்து போட்டுக்கொண்டே இருந்தான்" என்பார். யார் என்று அவருக்குப் பெயர் தெரியாது. வெரிட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்தேரி ரசிகன்:

போர்க்களத்திலேயே உயிர் போய்விட்டது என்று எங்கோ படித்த நினைவு. சரியா?

ஈரக்களம் (மாட்டுங்கா):

இல்லை, தம்பி. அப்படி நடந்திருந்தால் அவருக்கு வலியாவது குறைந்திருக்கும்.

கிரீன் ஹோவர்ட்ஸ் என்ற காலாட்படைப் பிரிவில் அவர் கேப்டன். ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. 19ஆம் தேதி இரவு கட்டானியா சமவெளியில் ஜெர்மானிய நிலைகள் மீது தாக்குதல். வெரிட்டியின் கம்பெனி விளைந்து நின்ற தானிய வயலின் ஊடாக முன்னேறியது. மேலே வெளிச்சக் குண்டுகள், எதிரே ஒரு பண்ணை வீட்டிலிருந்து சரமாரியான சுடுதல். கதிர்கள் தீப்பற்றிக்கொண்டன. மார்பில் குண்டு பாய்ந்து அந்த எரிகிற வயலில் அவர் விழுந்தார். விழுந்த பிறகும், நிற்காமல் முன்னேறி அந்தப் பண்ணை வீட்டிலிருந்து எதிரியை விரட்டும்படிதான் தம் ஆட்களுக்குச் சொன்னார் என்பது பதிவாகியிருக்கிறது.

பிரிவு பின்வாங்க நேர்ந்தது. அவருடைய பணியாளாக இருந்த டாம் ரெனால்ட்சன் என்ற சாதாரணச் சிப்பாய் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தார், அவரோடு சேர்ந்து சிறைப்பட்டார். காயத்தோடு தீவைத் தாண்டி இத்தாலியப் பெருநிலத்துக்கு, நேப்பிள்ஸ் வரை, அங்கிருந்து கசெர்ட்டாவில் ஒரு மருத்துவமனைக்கு. விலா எலும்பு ஒன்று நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜூலை 31 அன்று இறந்தார். கசெர்ட்டாவிலேயே அடக்கம்.

ரெனால்ட்சனைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இந்தக் கதையில் பாதி அவருடையது.

கிராண்ட் ரோடு வாசி:

பெரியவர் மனம் நோகக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் குடியிருக்கும் இடத்திலிருந்து கோவாலியா டேங்க் மைதானம் நடந்து போகும் தூரம். 1942 ஆகஸ்ட் 8 இரவு "செய் அல்லது செத்து மடி" என்ற சொல் அங்கேதான் எழுந்தது. மறுநாள் விடிவதற்குள் காந்தியையும் மற்றவர்களையும் கைது செய்துவிட்டார்கள். உங்கள் வெரிட்டியின் பட்டாலியன் 1942ல் இந்தியாவுக்கு வந்தது. எந்தச் சீருடையில் வந்தது? 1943ல் அவர் சிசிலியில் விழுந்தபோது வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் சோறில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்குள் உங்களுக்குத் தெரிந்ததே அந்த ஜிம்கானா, அங்கே 1933ல் இந்தியர் யாரும் உறுப்பினராக முடியாது. அமர்நாத் சதம் அடிக்கலாம், உறுப்பினராக முடியாது. இதையும் அந்தப் பையனுக்குச் சொன்னீர்களா?

செத்துப்போன ஒரு மனிதரை நான் பழிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இவரை ஏன் கொண்டாடிச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஈரக்களம் (மாட்டுங்கா):

நீங்கள் கேட்டதில் ஒரு சொல்லும் தவறில்லை. உறுப்பினர் விஷயத்தைப் பையன்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொல்லுகிறேன்.

சாம்ராஜ்யத்துக்கு மாலை போட நான் வரவில்லை. ஆனால் வெரிட்டி எப்படிப் போருக்குப் போனார் என்பதைக் கேளுங்கள். 1938ல் ஹிட்லரோடு மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானபோதே போர் வரும் என்று அவர் நினைத்தார். ஆர்னால்ட் ஷா என்ற கிரீன் ஹோவர்ட்ஸ் அதிகாரியிடம் போய், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவர் இராணுவப் பாடநூல்களைக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்கப் பயணம் முழுவதும் ஆட்டம் முடிந்த மாலைகளில் வெரிட்டி அவற்றைப் படித்தார். போர் தொடங்கியபோது வயது 34, இரண்டு பிள்ளைகள். பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் உடற்பயிற்சி ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள்; அதுவும் வேலைதான். இவர் காலாட்படையைத் தேர்ந்தெடுத்தார். எதிரே நின்றது ஹிட்லரின் படை. அந்தப் படை வெல்லாமல் போனதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு பங்கு நன்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1942ல் ராஞ்சியில் இருந்தபோது வயிற்றுக்கடுப்பில் கடுமையாக அவதிப்பட்டார். பின்னர் பாரசீகம், சிரியா, எகிப்து. நம் நாட்டில் அந்த ஆண்டு நடந்தவற்றை அவர் எப்படிப் பார்த்தார் என்று நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன்.

கிராண்ட் ரோடு வாசி:

பாடநூல் விஷயம் எனக்குப் புதிது. மதிக்கிறேன். என் கேள்வி அப்படியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை (முலுண்ட்):

அந்தத் தென்னாப்பிரிக்கப் பயணத்தின் கடைசி டெஸ்டைப் பற்றி ஒன்று. 1939 மார்ச், டர்பன். முடிவு தெரியும்வரை ஆடுவது என்று தொடங்கி, மார்ச் 3லிருந்து 14 வரை இழுத்தும் முடிவு தெரியவில்லை. கடைசி இன்னிங்ஸில் இங்கிலாந்துக்கு 696 இலக்கு. 5 விக்கெட் இழப்புக்கு 654 வரை வந்துவிட்டார்கள். கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். வெரிட்டி மட்டும் அதில் 766 பந்து வீசி 184 ஓட்டம்தான் கொடுத்தார்.

இந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை நான் ஒரு முறை கையால் எழுதிப் பார்த்தேன். எழுதிக்கொண்டே வந்தவன் மூன்று பெயர்களில் நின்றுவிட்டேன். வெரிட்டி, 1943. அவருடன் வேகமாக வீசிய கென் ஃபார்ன்ஸ் விமானப்படையில் சேர்ந்து, 1941 அக்டோபரில் இரவுப் பயிற்சியில் விமானம் விழுந்து இறந்தார், வயது 30. எதிரணியின் லாங்டன், 1942 நவம்பரில் நைஜீரியாவில் விமான விபத்தில். மைதானத்தில் இருந்த 22 பேரில் மூவர், நான்கரை ஆண்டுக்குள். நேரம் ஒரு பொருட்டே இல்லை என்று விதி எழுதிக்கொண்டு ஆடிய ஆட்டம் அது.

அந்தேரி ரசிகன்:

ஆஸ்திரேலியாவின் பெரிய மட்டையாளர் பிராட்மேனை அதிக முறை வீழ்த்தியவர் இவர் என்பது உண்மையா?

கணக்குப்பிள்ளை (முலுண்ட்):

டெஸ்டில் எட்டு முறை. வேறு யாரும் அத்தனை முறை இல்லை. 1934 லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் பிராட்மேனை எடுத்தார். அந்த ஆட்டத்தில் 104 ஓட்டத்துக்கு 15 விக்கெட். அவற்றில் 14 ஒரே நாளில், ஜூன் 25, திங்கட்கிழமை. அங்கும் மழை பெய்த களம்தான்.

செம்பூர் வாசகி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கசெர்ட்டா என்ற ஊர்ப் பெயர் வந்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் அப்பாவின் பெரியப்பா மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. இத்தாலிக்குப் போய்த் திரும்பி வந்தார். ஆரஞ்சுத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லுவாராம். வேறு எதையும் சொல்ல மாட்டாராம்.

அந்தப் படையில் சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ என்ற ஊருக்கு அருகில் கண்ணிவெடி தேடிக்கொண்டு போன குழுவை அவர் நடத்திச் சென்றார். ஒரு வெடி மிதிபட்டது. அது எழும்பி வெடிக்கச் சில நொடிகள் இருந்தன. தரையில் படுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளலாம். அவர் உடனிருந்தவர்களைக் காக்க அந்த வெடியின் மேலேயே விழுந்தார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் பதக்கம் அவர் இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் மிக்னானோ இருப்பது அதே கசெர்ட்டா மாகாணத்தில். வெரிட்டி இறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

கிராண்ட் ரோடு ஐயாவுக்கு: எங்கள் பெரிய தாத்தாவும் அதே அரசனின் சீருடையில்தான் போனார். வீட்டில் அவரை நாங்கள் எப்படி நினைப்பது? பதில் எனக்கே தெரியாமல்தான் கேட்கிறேன்.

கிராண்ட் ரோடு வாசி:

அம்மா, சுபேதாரைப் பற்றி இன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். ஐம்பத்து நான்கு வயதாகிறது எனக்கு. பத்து ஓட்டத்துக்குப் பத்து விக்கெட் என்பது பள்ளியிலேயே தெரியும். செங்கல்பட்டுக்காரர் ஒருவர் செய்தது தெரியவில்லை. என் கோபம் வெரிட்டி மேல் அல்ல என்று இப்போது புரிகிறது. ஏன் ஒருவர் பெயர் கடல் தாண்டி வந்தது, இன்னொருவர் பெயர் செங்கல்பட்டிலிருந்து மும்பைக்கு வரவில்லை என்பதுதான் அது. அந்த இத்தாலியப் போரில் இந்தியர்கள் 5,000 பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள்.

உங்கள் பெரிய தாத்தாவைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டுக்குச் சோறு போடப் போனவரை நான் எந்த நாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஈரக்களம் (மாட்டுங்கா):

இழையைத் தொடங்கியவன் நான். குற்றச்சாட்டு என் மேலும்தான். ஏற்கிறேன். சுபேதாருக்கும் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும். அம்மா, நீங்கள்தான் தொடங்க வேண்டும். பெரிய தாத்தாவின் ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

வெரிட்டியைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் கிடந்து உறுத்துகிறது. மூத்த மகனுக்கு வில்ஃபிரட் என்று பெயர் வைத்தார். யார்க்‌ஷயரில் அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த வில்ஃபிரட் ரோட்ஸ் நினைவாக. 4,204 விக்கெட் எடுத்த ஆசான். இளையவனுக்கு டக்ளஸ், இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டைனின் பெயர். ஆஸ்திரேலியாவே வெறுத்த ஜார்டைன்! மட்டையாளர்களின் உடலைக் குறிவைத்து வீசச் சொன்ன அந்த ஆஸ்திரேலியத் தொடரை என்னால் நியாயப்படுத்த முடியாது; அது ஆட்டத்துக்கு அழகல்ல என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்லுகிறேன். ஆனாலும் ஊரே ஏசிய ஒரு மனிதரின் பெயரை, கூட இருந்து பார்த்தவர் தம் பிள்ளைக்கு வைக்கிறார். அந்த விசுவாசம் பற்றி நல்லதோ கெட்டதோ நான் தீர்ப்பு சொல்லவில்லை. எரிகிற வயலில் ரெனால்ட்சன் அவர் அருகே உட்கார்ந்திருந்தார் என்று படிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

முகிலன் பதினேழு (தாராவி):

வணக்கம் ஐயா. நான் இடது கைச் சுழற்பந்து வீசுகிறேன். எங்கள் பகுதியில் சிமென்ட் தரையில்தான் பயிற்சி. வெரிட்டி வழக்கமான சுழற்பந்தைவிடக் கொஞ்சம் வேகமாக வீசுவார் என்று படித்தேன். வேகமாக வீசினால் எனக்குப் பந்து திரும்புவதில்லை. மெதுவாக வீசினால் அடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஈரக்களம் (மாட்டுங்கா):

வா, தம்பி. உனக்காகத்தான் இத்தனையும் எழுதினேனோ என்னவோ.

சிமென்டில் திரும்பவில்லை என்று கவலைப்படாதே, அங்கே யாருக்கும் பெரிதாகத் திரும்பாது. அங்கே இடத்தை மட்டும் பழகு. ஒரு பழைய செய்தித்தாளைப் பாதியாக மடித்து, மட்டையாளர் முன்காலை நீட்டினால் எட்டுமா எட்டாதா என்று தடுமாறும் இடத்தில் நான்கு மூலையிலும் கல் வைத்துப் பரப்பு. அறுபது பந்து வீசு. எத்தனை தாளில் விழுந்தது என்று நோட்டில் எழுது. ஒரு மாதம் அதைத் தவிர வேறு எதையும் மாற்றாதே. சுட்டுவிரல் தையலின் மேல் குறுக்காக இருக்கட்டும். விடும்போது வேலை செய்ய வேண்டியது அந்த விரல். தோளை இழுத்து வேகம் கூட்டினால் விரல் தூங்கிவிடும். ஓட்டத்தில் இன்னும் இரண்டு அடி சேர்த்துப் பார், வேகம் காலிலிருந்து வரட்டும். வெரிட்டியும் சுழற்பந்துக்காரருக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் ஓடி வருவார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆசாத் மைதானத்துக்கு வா, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையப் பக்கத்து வாசல். மழை பெய்தாலும் வா. நின்று ஒரு மணி நேரம் கழித்துக் களம் எப்படி இருக்கும் என்று உன் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

கிராண்ட் ரோடு வாசி:

முகிலா, லோக்கல் ரயில் பாஸ் இருக்கிறதா? இல்லையென்றால் எனக்குத் தனியாக எழுது. நானும் அன்று வருகிறேன். பெரியவர் அந்த வேலிப் பக்கம் நின்று ஜிம்கானா கதையை முழுதாகச் சொல்லுகிறாரா என்று பார்க்க வேண்டும்.